காலதரும் சுவரும்: மனைகட்டும் உரிமையும் அண்டைவீட்டார் வழக்கும் – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

மனை ஒன்றை விற்கும்போதும் தானம் செய்யும்போதும் அதன் நான்கெல்லையைச் சொல்வது தமிழகத்தின் தொன்மையான ஆவண மரபு. கீழ்பாற்கெல்லை, தென்பாற்கெல்லை, மேல்பாற்கெல்லை, வடபாற்கெல்லை என்று சோழர் காலக் கல்வெட்டுகள் வரிசைப்படுத்தும். பிற்காலக் கிரயப் பத்திரங்கள் இதனையே சக்குபந்தி என்று குறிக்கின்றன. இரண்டிலும் ஒரு மனை அதன் அண்டையில் உள்ளவற்றைக் கொண்டே அடையாளம் பெறுகிறது. ஆனால், அந்த மனையில் வீடு எழுப்ப அலுவலகத்தில் அளிக்கப்படும் விண்ணப்பத்தில் அண்டைவீட்டாருக்கு இத்தகைய இடம் இல்லை. வரைபடத்தின் ஓரத்தில் எழுதப்படும் ஒரு குறிப்பாகவே அவர் எஞ்சுகிறார்.

இம்மாற்றம் எவ்வாறு நேர்ந்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். வீடு கட்டுதற்கான இசைவு இந்திய வரலாற்றில் மூன்று வேறு ஊற்றுகளிலிருந்து தோன்றியுள்ளது. அண்டையாரின் உடன்பாடு, அரசன் வழங்கும் தகுதி, அலுவலகம் அளக்கும் அளவு என அவற்றைப் பகுக்கலாம். இம்மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து முன்னதை முற்றிலும் அகற்றிவிடவில்லை. ஆயினும் மூன்றாவது ஓங்கியபோது முதலாவது தன் இடத்தை இழந்தது. இன்றைய கட்டட வழக்குகள் பலவற்றின் வேர் இங்கேயே உள்ளது எனலாம்.

பொருள்நூல் காட்டும் மனை வழக்கு

மைசூர்க் கீழ்த்திசை நூலகத்தில் கிடைத்த ஏட்டுச்சுவடியைக் கொண்டு ஆர். சாமசாஸ்திரி 1909இல் பதிப்பித்த கௌடிலியரின் பொருள்நூல், வீடுகட்டுதல் தொடர்பான அண்டையார் வழக்குகளுக்குத் தனியிடம் தருகிறது. அதன் மூன்றாம் அதிகரணத்தின் எட்டாம் இயல் வீடு, வயல், தோட்டம், அணை, குளம் ஆகியவற்றை வாஸ்து என்னும் ஒரே சொல்லில் அடக்குகிறது. இவை பற்றிய வழக்குகள் அண்டையாரின் சான்றைக் கொண்டே தீர்க்கப்பட வேண்டும் என்பது அதன் முதன்மையான விதி.

அவ்வியலின் விதிகள் வியப்பூட்டும் அளவுக்கு நுணுக்கமானவை. புதுவீட்டின் அடித்தளம் அண்டைவீட்டுச் சுவரிலிருந்து எவ்வளவு விலகியிருத்தல் வேண்டும், கழிவுநீர் வாய்க்கால் எவ்வாறு ஓட வேண்டும், அடுப்பும் உரலும் எங்கே அமைய வேண்டும் என்பன பேசப்படுகின்றன. இரு வீடுகளின் இறவாரங்களுக்கு இடையே நான்கு விரல் இடைவெளி விடலாம், அல்லது ஒன்றன்மேல் ஒன்று ஏறியும் இருக்கலாம். பழுதுபார்க்கும் பொருட்டு வீடுகளுக்கு இடையே உள்ள சந்தில் சிறுவாயில் ஒன்று வேண்டும். வெளிச்சம் பெறுவதற்கான சாளரம் சிறியதாகவும் உயரத்திலும் அமைய வேண்டும். மழைநீர் பிறர் சுவரைக் கெடுத்தால் தண்டம் உண்டு.

இத்தனை அளவுகளையும் வகுத்த பின்னர் அந்நூல் ஒரு விலக்கையும் தருகிறது. வீட்டு உரிமையாளர்கள் தம்முள் கூடிப் பேசித் தாம் விரும்பியவாறு அமைத்துக்கொள்ளலாம், விரும்பாததைத் தவிர்க்கலாம் என்பதே அது. அளவு இங்கே இறுதி முடிவன்று. உடன்பாடு எட்டாதபோது துணைசெய்வதே அதன் பணி. சாளரம் உயரத்தில் இருக்க வேண்டும் என்னும் விதியிலும் இரு தேவைகள் ஒருங்கே அடங்குகின்றன. உள்ளே இருப்பவருக்கு வெளிச்சம் கிடைக்கிறது, அண்டையாரின் தனிமையும் காக்கப்படுகிறது. இவ்விதிகள் எந்த அளவுக்கு நடைமுறையில் இருந்தன என்பது வேறு வினா. வழக்கின் இயல்பை அந்நூல் எவ்வாறு புரிந்துகொண்டது என்பதே இங்குக் கருதத்தக்கது.

கல்வெட்டுகளும் செப்பேடுகளும் காட்டும் மனையுரிமை

தமிழகத்துச் சாசனங்களில் வீடு கட்டும் உரிமை வேறொரு முகத்தைக் காட்டுகிறது. முதலாம் இராசேந்திர சோழனின் ஆறாம் ஆட்சியாண்டைச் சார்ந்த திருவாலங்காட்டுச் செப்பேடு, தானமாக அளிக்கப்பட்ட ஊருக்குரிய சலுகைகளைப் பட்டியலிடுகிறது. சுட்ட செங்கல்லால் மாடமாளிகை எடுத்தல், கிணறு தோண்டுதல், தென்னந்தோப்பு வைத்தல் என்பன அவற்றுள் சில. சுட்ட செங்கல்லால் உயர்ந்த வீடு கட்டுவது எல்லோருக்கும் எங்கும் உரிய இயல்பான செயலாக இருந்திருந்தால், அதனைச் சாசனத்தில் சலுகையாகப் பொறிக்க வேண்டிய தேவை எழுந்திராது.

இதனை இன்னும் தெளிவாக உணர்த்துவது கரூர்ப் பசுபதீசுவரர் கோயில் கல்வெட்டு. கோனேரின்மைகொண்டான் என்னும் பட்டப்பெயருடைய மன்னன் வெங்காலநாட்டுக் கம்மாளருக்குச் சில உரிமைகளை வழங்கிய செய்தியை அது கூறுகிறது. நன்மை தின்மைகளில் இரட்டைச் சங்கு ஊதுதல், பேரிகை முதலியன கொட்டுதல், வெளியே செல்லும்போது செருப்பு அணிதல் ஆகியவற்றோடு, தாம் குடியிருக்கும் வீடுகளுக்குச் சாந்து பூசிக்கொள்ளுதலும் அவ்வுரிமைகளுள் ஒன்றாகும். பிறருடைய வீடுகளையும் கோயில்களையும் கட்டும் தொழில்களுக்கு உரியவர்கள், தம் சொந்த வீட்டுச் சுவருக்குச் சாந்து பூச அரசாணை பெற வேண்டியிருந்தது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

இங்கு இசைவு என்பது இடைவெளியையோ காற்றையோ பற்றியதன்று. யார் எத்தகைய வீட்டில் வாழலாம் என்பதைப் பற்றியது. எனவே, கட்டட அனுமதி என்பது அயலாட்சியோடு வந்த புதுமை என்று கொள்வது பொருந்தாது. அயலாட்சிக் காலச் சட்டம் அனுமதியின் அடிப்படையைத் தகுதியிலிருந்து அளவுக்கு மாற்றியது எனக் கூறுவதே பொருத்தமாகும். அந்த அளவில் அது ஒரு முன்னேற்றமே. சாதியைக் கேட்காத விதி, சாதியைக் கேட்ட வழக்கத்தினும் மேலானது என்பதில் ஐயமில்லை.

முற்றமும் பொதுச்சுவரும்

சட்டம் புகுந்த காலத்தில் தமிழக ஊர்களின் வீட்டமைப்பு எவ்வாறிருந்தது என்பதையும் நோக்குதல் வேண்டும். திண்ணை, நடை, முற்றம், கூடம், கொல்லை என்று நீண்டு செல்லும் தெருவீடுகள் பக்கச் சுவரோடு பக்கச் சுவர் ஒட்டியே அமைந்தன. பல இடங்களில் இரு வீட்டாருக்கும் ஒரே பொதுச்சுவர். பக்கவாட்டில் சாளரம் வைக்க இடமில்லை, தேவையுமில்லை. காற்றும் வெளிச்சமும் வீட்டின் நடுவே திறந்திருந்த முற்றத்தின் வழியாகவே வந்தன.

சாளரத்தைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல்லான காலதர் என்பது கால், அதர் என்னும் இரு சொற்களின் சேர்க்கை. காற்றின் வழி என்பது அதன் பொருள். முற்றமுள்ள வீட்டில் இவ்வழி பெரும்பாலும் தன் வீட்டு வானை நோக்கியே இருந்தது. அண்டைவீட்டு மனையை நோக்கி அன்று. ஆகவே அண்டையாருக்கு இடையே எழக்கூடிய வழக்குகள் சாளரத்தைவிடச் சுவரையும் இறவாரத்து நீரையும் நடைவழியையும் பற்றியனவாகவே இருக்க இடமுண்டு. முற்றம் மறைந்து, வீடு நான்கு பக்கமும் வெளிநோக்கித் திரும்பியபோதுதான் அண்டையாரின் சுவர் ஒருவரது வெளிச்சத்தின் எல்லையாக மாறியது.

1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம்

விட்லி ஸ்டோக்ஸ் வரைவு செய்த இந்திய வசதியுரிமைச் சட்டம் 1882இல் இயற்றப்பட்டது. தொடக்கத்தில் அது சென்னை மாகாணம், மத்திய மாகாணங்கள், குடகு ஆகியவற்றுக்கு மட்டுமே பொருந்தியது. பம்பாய்க்கும் ஐக்கிய மாகாணங்களுக்கும் 1891இல் விரிவாக்கப்பட்டது. தமிழ்ப் பத்திரங்களில் பாத்தியம் என்று வழங்கும் உரிமைகளுள் நடைவழி, நீர்வழி, காற்று, வெளிச்சம் முதலியவற்றுக்கு இச்சட்டமே அடிப்படை.

இச்சட்டத்தின் மூன்று கூறுகள் வீட்டு வழக்குகளைப் பெரிதும் பாதித்தன. முதலாவது, காலக்கணக்கு. ஒரு கட்டடத்தின் சாளரம் இருபது ஆண்டுகள் தடையின்றி அமைதியாக வெளிச்சமும் காற்றும் பெற்றிருந்தால் மட்டுமே அனுபவத்தால் உரிமை உண்டாகும். பத்தாண்டுக்கு முன் கட்டிய வீட்டின் சாளரத்தை அண்டையார் தம் மனையில் சுவர் எழுப்பி மறைத்தால் இச்சட்டத்தின்கீழ் அனுபவ உரிமை கோர இயலாது.

இரண்டாவது, முற்றத்தைப் பற்றியது. திறந்த நிலப்பரப்புக்கு வரும் காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் அனுபவத்தால் உரிமை பெற முடியாது என்று பதினேழாம் பிரிவு விலக்குகிறது. சட்டம் காத்தது கட்டடத்தின் திறப்பினையே. மேற்கூரையற்ற முற்றம் திறந்த நிலமா, கட்டடத்தின் ஒரு திறப்பா என்னும் ஐயத்துக்கு இவ்வாசகம் இடமளிக்கிறது. சாளரத்தை மையமாகக் கொண்ட ஆங்கில வீட்டு மரபிலிருந்து பிறந்த கருத்து, முற்றத்தை மையமாகக் கொண்ட வீடுகள் நிறைந்த மாகாணத்தில் முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

மூன்றாவது, இழப்பின் அளவு. வெளிச்சம் குறைந்தது என்பதால் மட்டும் இழப்பீடு கிடைப்பதில்லை. குறைவு கணிசமானதாக இருத்தல் வேண்டும். இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை 1904இல் இக்கொள்கையை வலியுறுத்தியது. கல்கத்தாவிலிருந்து சென்ற ஒரு வழக்கில் பிரிவி கவுன்சில் 1914இல் அதனையே பின்பற்றியது. முன்பு பெற்ற வெளிச்சம் முழுவதற்கும் உரிமையில்லை, வாழ்வதற்குப் போதுமானதற்கே உரிமை என்பது இதன் சாரம். நகரம் வளர இக்கொள்கை இடந்தந்தது. ஆனால் எது போதுமானது என்பதை மெய்ப்பிக்கும் சுமையை அது அண்டைவீட்டாரின் மேல் ஏற்றியது.

இதே சட்டத்தின் ஏழாம் பிரிவில் உள்ள எடுத்துக்காட்டு ஒன்றும் கூர்ந்து நோக்கத்தக்கது. நகரத்தில் மனையுடையவர் ஒவ்வொருவருக்கும் அதில் கட்டும் தனியுரிமை உண்டு, ஆயினும் அது நடைமுறையில் உள்ள நகராட்சிச் சட்டத்துக்கு உட்பட்டது என்கிறது அது. தனியார் உரிமையும் நகராட்சி விதியும் சந்திக்கும் வாயில் 1882இலேயே இவ்வாறு குறிக்கப்பட்டுவிட்டது. ஆனால் அவ்வாயிலின் வழியே பின்னர் வந்த விதிகள் அண்டையாரை உடன் அழைத்து வரவில்லை.

பார்வை பற்றிய வழக்கு

அண்டைவீட்டுச் சாளரம் வெளிச்சத்தை மறைப்பதில்லை, பார்வையைத் திறக்கிறது. இதிலும் இந்தியாவின் உயர்நீதிமன்றங்கள் ஒருமித்த கருத்துடையனவாக இல்லை. ஊர்வழக்கம் அனுமதித்தால், பிறர் வீட்டின் உட்பகுதியை நோக்கும் புதிய சாளரத்தைத் தடுக்கும் உரிமை உண்டு என்பதை வசதியுரிமைச் சட்டத்தின் பதினெட்டாம் பிரிவு எடுத்துக்காட்டால் ஏற்றது. அலகாபாத் உயர்நீதிமன்றம் 1888இல் இவ்வழக்கத்தை அங்கீகரித்தது. பெண்கள் திரைமறைவில் வாழ்ந்த வட இந்தியச் சூழல் அதற்குப் பின்னணியாக இருந்தது. குஜராத்திலும் இவ்வழக்கம் ஏற்கப்பட்டது.

சென்னை உயர்நீதிமன்றமோ பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மாறான நிலையை எடுத்தது. சாளரம் திறப்பதால் தனிமை குலைவது வழக்காடத்தக்க தீங்கன்று. பார்வையை விரும்பாதவர் தம் நிலத்தில் மறைப்பு எழுப்பிக்கொள்ளலாம் என்பது அதன் கருத்து. சட்ட நோக்கில் இது எளிய தீர்வாகத் தோன்றலாம். நடைமுறையில் இது ஒரு சுவருக்கு மறுமொழியாக இன்னொரு சுவரை எழுப்பத் தூண்டியது. பார்வையைத் தடுக்க எழும் சுவர் வெளிச்சத்தையும் தடுக்கும். வெளிச்சம் பற்றிய வழக்கு அங்கிருந்து தொடங்கும். பொருள்நூல் சாளரத்தைச் சிறியதாகவும் உயரத்திலும் வைக்கச் சொன்னது இச்சுழலைத் தொடக்கத்திலேயே தவிர்க்கும் வழி என்பது இங்கு நினைவுகூரத்தக்கது.

அளவுகோலின் வருகை

பம்பாயில் 1896இல் பரவிய கொள்ளைநோய் கட்டட விதிகளின் வரலாற்றில் ஒரு திருப்புமுனை. நெருக்கமான, இருண்ட குடியிருப்புகளே நோய்க்குக் காரணம் என்ற கருத்தின் அடிப்படையில் 1898இல் பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளை அமைக்கப்பட்டது. அதன் தலைவராக இருந்த ஜே. பி. ஓர், 63½ பாகை ஒளிக்கோண விதியை வலியுறுத்தினார். அறையின் சாளரத்துக்கு முன்னுள்ள திறந்தவெளியின் அகலம், எதிரே எழும் கட்டடத்தின் உயரத்தில் ஏறத்தாழப் பாதியாவது இருக்க வேண்டும் என்பது அதன் பொருள். இருபதாண்டு அனுபவத்தைக் கேட்ட நீதிமன்றத்துக்கு மாறாக, இவ்விதி கட்டுவதற்கு முன்பே வெளிச்சத்தை அளந்தது.

சென்னையில் 1915இல் பாட்ரிக் கெட்டிஸ் நகரமைப்புக் கண்காட்சி நடத்தினார். எச். வி. லாங்செஸ்டர் சென்னையின் நகரமைப்புப் பற்றி எழுதிய நூல் 1918இல் வெளிவந்தது. தொடர்ந்து 1919இல் சென்னை மாநகராட்சிச் சட்டமும், 1920இல் மாவட்ட நகராட்சிகள் சட்டமும் சென்னை நகரமைப்புச் சட்டமும் இயற்றப்பட்டன. கட்டுமுன் வரைபடம் அளித்து இசைவு பெறும் முறை இவற்றால் உறுதிபெற்றது.

இவ்விதிகளின் நோக்கம் பொதுச் சுகாதாரம். முன்புறம், பின்புறம், பக்கவாட்டு இடைவெளிகள் ஊரின் நலத்துக்காக வகுக்கப்பட்டன. அதனால் இசைவு என்பது விண்ணப்பிப்பவருக்கும் அலுவலகத்துக்கும் இடையேயான உறவாக அமைந்தது. பக்கவாட்டு இடைவெளியால் உடனடியாக நன்மை பெறுபவரும், அது மீறப்படும்போது உடனடியாக இழப்பவரும் அண்டைவீட்டாரே. எனினும் அவ்வுறவில் அவர் ஒரு தரப்பினராகக் கருதப்படவில்லை.

இரு வாயில்களுக்கு இடையே

விடுதலைக்குப் பின் 1920ஆம் ஆண்டு நகரமைப்புச் சட்டத்தின் இடத்தில் தமிழ்நாடு நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டம், 1971 வந்தது. திட்ட அனுமதியின்றிக் கட்டுவதைத் தடுக்கவும் மீறிய கட்டடத்தை இடிக்கவும் இச்சட்டம் அதிகாரம் தருகிறது. எனினும் திட்ட அனுமதி மனையின் உரிமைமூலத்தை முடிவுசெய்வதில்லை. எல்லைத் தகராறு, பொதுச்சுவர், பாத்தியம் ஆகியவை உரிமையியல் நீதிமன்றத்துக்கு உரியவை. விதிமீறல் அலுவலகத்துக்கு உரியது. ஒரே சுவர் இவ்விரண்டையும் ஒருங்கே மீறும்போது அண்டைவீட்டார் இரு வாயில்களுக்கு இடையே நிற்க நேர்கிறது. அலுவலகத்தில் அவர் புகார்தாரர் மட்டுமே. நீதிமன்றத்தில் அவர் வாதி; ஆனால் உறுத்துக்கட்டளை கிடைப்பதற்குள் சுவர் உயர்ந்துவிட்டால், எழும்பியதை இடிக்கச் செயலுறுத்துக் கட்டளை பெறுவது அதனினும் கடினம்.

இந்நிலையில் உச்சநீதிமன்றம் 1974இல் அளித்த உடுப்பி வழக்குத் தீர்ப்பு முதன்மை வாய்ந்தது. குடியிருப்புப் பகுதியில் திருமண மண்டபத்துக்கெனத் தொடங்கிய கட்டடம் திரையரங்காக மாற அளிக்கப்பட்ட அனுமதியை அப்பகுதியில் வசித்த ஒருவர் எதிர்த்தார். நகரமைப்புத் திட்டத்தை மீறும் கட்டடம் அங்கு வாழ்வோரின் உரிமையைப் பாதிக்கிறது. திட்டத்தை நடைமுறைப்படுத்தும் கடமை நகராட்சிக்கு அங்கு வாழ்வோர்பால் உண்டு என நீதிமன்றம் கண்டது. பொது நலத்துக்கான விதியில் அண்டையாருக்கும் பங்குண்டு என்பதை இத்தீர்ப்பு நிலைநாட்டியது.

ஆனால் பின்னர் வந்த வரன்முறைப்படுத்தும் திட்டங்கள் இதற்கு எதிர்த்திசையில் சென்றன. தமிழ்நாட்டில் 1971ஆம் ஆண்டுச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 113-அ பிரிவு, 1999 பிப்ரவரி 28க்கு முன் விதிமீறிக் கட்டப்பட்டவற்றைக் கட்டணம் பெற்று முறைப்படுத்த வழிசெய்தது. உச்சநீதிமன்றம் 2000இல் இதனை ஒருமுறைக்கான ஏற்பாடாகக் கொண்டு ஏற்றது. காலவரம்பு மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டதைச் சென்னை உயர்நீதிமன்றம் 2006இல் ஏற்கவில்லை. கட்டணம் அரசுக்குச் செல்கிறது. விடப்படாத இடைவெளியின் இழப்போ அண்டைவீட்டாரிடம் தங்குகிறது. அனுமதி அலுவலகத்துக்கும் விண்ணப்பதாரருக்கும் இடையேயான உறவு என்னும் 1920ஆம் ஆண்டுக் கருத்தின் இயல்பான விளைவே இது.

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 ஒரு பழமையை மதித்துள்ளன. நெருக்கமான பழைய பகுதிகளைத் தொடர் கட்டடப் பகுதி எனப் பிரித்து, பக்க இடைவெளியின்றிச் சுவரோடு சுவர் கட்ட இசைகின்றன. ஒட்டுவீட்டு மரபுக்குச் சட்டம் தந்த ஏற்பு இது. எனினும் அம்மரபை வாழவைத்த முற்றம் பல இடங்களில் இன்றில்லை. தொடர்ந்து 2024 சூலையில், 2500 சதுர அடி வரையிலான மனையில் 3500 சதுர அடி வரையில் தரைத்தளமும் முதல் தளமும் கட்டுவதற்குச் சுயசான்றிதழ் முறை அறிமுகமானது. காலத்தாழ்வையும் அலுவலக அலைச்சலையும் குறைப்பதில் இதன் பயன் பெரிது. ஆயினும் முன்பு அலுவலர் செய்த ஆய்வும் கட்டுமுன் இல்லாதபோது, விதிமீறலை முதலில் காணும் கண் அண்டைவீட்டாருடையதாகவே இருக்கும். அவர் அதனைக் காண்பது பெரும்பாலும் சுவர் எழும்பிய பின்னரே.

முடிவுரை

மேற்கண்டவற்றால் சில உண்மைகள் புலனாகின்றன. பொருள்நூல் அளவையும் உடன்பாட்டையும் ஒருங்கே வைத்தது. சாசனங்கள் கட்டும் உரிமையைத் தகுதியோடு பிணைத்தன. 1882ஆம் ஆண்டுச் சட்டம் அண்டையாருக்கு உரிமை தந்தது. ஆனால் இருபதாண்டுக்குப் பின், சாளரத்துக்கு மட்டும். இருபதாம் நூற்றாண்டின் நகராட்சி விதிகள் யாவருக்கும் பொதுவான அளவைத் தந்தன. ஆனால் அண்டையாரை விலக்கின. தகுதியை நீக்கிய அளவு காக்கப்பட வேண்டியது. அளவோடு சேர்ந்து நீங்கிய உடன்பாடு மீட்கப்பட வேண்டியது.

இதற்குப் புதிய தீர்ப்பாயமோ நெடிய சட்டமோ தேவையில்லை. வரைபடத்தின் ஒரு படி, கட்டுமானம் தொடங்குமுன், நான்கெல்லையில் உள்ளவர்களுக்கு அறிவிப்பாகச் சென்று சேர்ந்தாலே போதும். தடுக்கும் அதிகாரத்தை அவர்களுக்குத் தர வேண்டியதில்லை. தந்தால் அது பகைதீர்க்கும் கருவியாகவும் சாதிக் காழ்ப்பின் கருவியாகவும் மாறக்கூடும் என்பதைக் கரூர்க் கல்வெட்டின் பின்னணி உணர்த்துகிறது. அறியும் உரிமை மட்டும் போதுமானது. சாளரம் சற்று உயர்வதும் சுவர் சற்று விலகுவதும் தாளில் இருக்கும்போது எளிது. செங்கல்லில் எழுந்த பின்னர் அவை வழக்கின்றி நிகழ்வதில்லை. விற்கும்போது நான்கெல்லையைச் சொல்லும் மரபு, கட்டும்போதும் நான்கெல்லைக்குச் சொல்லும் மரபாக விரிவுபெறுதல் வேண்டும்.